கழுத்துத் திருகாணி: ஒரு கோப்பின் கதை

என் தங்கை மகனை யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவன் தலையைத் திருப்புவதில்லை. ஆளே திரும்புகிறான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு உருட்டாலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். மேலே கூண்டில் உட்கார்ந்து இடமும் வலமும் கீழும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. இன்று அதே ஆலையில் ஸ்டோரில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறான். “மாமா, கடைசியில் நானும் உங்களை மாதிரி கிளார்க் ஆகிவிட்டேன்” என்று சிரிக்கிறான். சிரிக்கிறானே, அது போதும்.

2022-ல் ஒரு இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தபோது, கல்கத்தா ரோட்டில் கவரைப்பேட்டை தாண்டி விழுந்தான். 108 வந்து எடுத்துப்போனது. கை கால் எல்லாம் அசைந்தன, நினைவும் இருந்தது. “கழுத்துதான் வலிக்குது மாமா, சுளுக்கு மாதிரி இருக்கு” என்றான். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கழுத்தின் இரண்டாவது எலும்பில் முறிவு, முதல் எலும்பு முன்னால் நகர்ந்திருக்கிறது. இன்னும் சில மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றார்கள். அன்றைக்கு என் தங்கை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை. “அண்ணா, நீ படிச்சவன், நீயே டாக்டர்கிட்ட பேசு” என்றாள். நான் படித்தது என்ன படிப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில், செய்த சிகிச்சை என்ற இடத்தில் ‘ஹார்ம்ஸ் முறையில் திருகாணி பொருத்துதல்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. குமாஸ்தாவின் கண் பெயரில்தான் நிற்கும். யார் இந்த ஹார்ம்ஸ்? இந்தப் பெயர் எப்படி இந்தக் காகிதத்துக்கு வந்தது? அதைத் தேடிப்போனதில் கிடைத்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்ல. ஆனால் கழுத்து முறிவு எனக்குப் புதிதும் அல்ல. தொழிலாளர் துறையில் நான் அதிக காலம் உட்கார்ந்தது இழப்பீட்டுப் பிரிவில். 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் வரும் மனுக்கள் என் மேசை வழியாகத்தான் போகும். மணலி, எண்ணூர், அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி. விரல் போனவர்கள், கண் போனவர்கள் என்று கட்டுக் கட்டாக இருக்கும். அட்டவணையைப் பார்த்து விழுக்காடு போடுவோம். சாரத்திலிருந்தோ லாரி மேலிருந்தோ தலைகீழாக விழுந்தவர்களின் கோப்புகள் மட்டும் வேறு மாதிரி. அவற்றில் விழுக்காடு கணக்கிட வேண்டிய வேலையே இருக்காது. மருத்துவச் சான்றில் நான்கு கை கால்களும் செயலிழப்பு என்று ஒரு வரி, அவ்வளவுதான். நூறு விழுக்காடு. மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும், 1995 திருத்தத்துக்குப் பிறகு அது 60 விழுக்காடு. மனுவில் கையெழுத்து இருக்காது, கட்டைவிரல் ரேகைதான். அந்த விரலை மனைவி பிடித்து அழுத்தியிருப்பாள். அந்த ரேகைகள் நேராக இருக்காது.

1980-களின் அந்தக் கோப்புகளில் சிகிச்சை விவரம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மண்டையோட்டின் இரு பக்கமும் சிறு துளையிட்டு இடுக்கி மாட்டி, அதில் கயிறு கட்டி எடை தொங்கவிட்டு, வாரக்கணக்கில் மல்லாந்து படுக்கவைப்பது. அந்த இடுக்கிக்குக் கிரட்ச்ஃபீல்ட் என்று பெயர். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துக்காரர், 1933-ல் கொண்டுவந்தது. தலையின் இரு பக்கமும் மணல் மூட்டை. எலும்பு தானாகக் கூடும்வரை அசையக்கூடாது. படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். எலும்பு கூடுவதற்கு முன்னால் ஆள் போய்விட்டதால் ‘மனுதாரர் இறந்துவிட்டபடியால் வாரிசுகளைச் சேர்க்க’ என்று குறிப்பு எழுதிய கோப்புகள் எனக்கு நினைவிருக்கின்றன.

2000-க்குப் பிறகு வந்த கோப்புகளில் அந்த வரி மாறியது. ‘தகடும் திருகாணியும் பொருத்தப்பட்டது’ என்று வரத் தொடங்கியது. தண்டுவடம் அறுந்தவருக்குத் திருகாணி போட்டாலும் கை கால் திரும்பாது. ஆனால் பாதி தப்பியவர் பிழைத்தார். பட்டை கட்டிக்கொண்டு மறுவாரமே உட்கார்ந்தார். விசாரணைக்குத் தன் காலில் நடந்து வந்தவரையும் பார்த்தேன். அப்போது எனக்கு அது வெறும் ஒரு வரி மாற்றம். அந்த வரிக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது என்று தங்கை மகன் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

கழுத்தில் ஏழு எலும்புகள். ஒவ்வொன்றும் ஒரு வளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு ஓட்டையில் தண்டுவடம் இறங்குகிறது. வளையத்தின் இரு பக்கமும் பின்புறமாகச் சிறு தூண் மாதிரி ஒரு திரட்சி இருக்கிறது. மேல் எலும்பின் தூணும் கீழ் எலும்பின் தூணும் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து மூட்டாக அமர்கின்றன. இந்தத் தூணுக்கு முன்னால், எலும்பிலேயே உள்ள ஒரு துளை வழியாக மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஏறுகிறது. பக்கத்திலேயே கைக்குப் போகும் நரம்பு வெளியே வருகிறது. ஆக, பின்னாலிருந்து திருகாணி இறக்க வேண்டுமானால் உள்பக்கம் தண்டுவடம், முன்பக்கம் இரத்தக்குழாய், ஓரத்தில் நரம்பு, கீழே மூட்டு. நடுவில் கிடைப்பது சுண்டுவிரல் நுனி அளவு எலும்பு. திருகாணியின் பருமன் 3.5 மில்லிமீட்டர்.

இந்த இடத்தில் யாரும் முதலில் திருகாணி போடவில்லை. கட்டித்தான் பார்த்தார்கள். 1891-ல் டெக்சாஸில் ஹாட்ரா என்பவர் கழுத்தெலும்பின் பின்முனைகளைக் கம்பியால் சுற்றிக் கட்டினார். 1910-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், ஆஸ்குட் என்ற இருவர் ஒரு சிறுவனின் முதல் இரண்டு எலும்புகளைத் தடித்த பட்டுநூலால் கட்டியதை எழுதினார்கள். பட்டுநூல்! நம் ஆரணிக்காரர்கள் கேட்டால் மகிழ்வார்கள். 1939-ல் டொரண்டோவில் காலி என்பவர் கம்பியோடு எலும்புத் துண்டையும் வைத்துக் கட்டினார். கம்பி முன்பின் அசைவை நிறுத்தும், திருகும் அசைவை அவ்வளவாக நிறுத்தாது. அதனால் கட்டிய பிறகும் மாதக்கணக்கில் மாவுக்கட்டுச் சட்டையோ இரும்பு வளையமோ வேண்டியிருந்தது.

திருகாணிக்கு வருகிறேன். இங்கேதான் என் பழைய படிப்பு உதவியது.

பாண்டிச்சேரியில் பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன் நான். முப்பத்தைந்து ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பணியில் அந்தப் பிரெஞ்சு ஒரு நாளும் எனக்குப் பயன்பட்டதில்லை. ஒரு அதிகாரி மட்டும் மனைவிக்கு வந்த வாசனைத் திரவியப் புட்டியின் மேலிருந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னார். அப்படியிருக்க, இந்தத் தேடலில் முதலில் அகப்பட்ட பெரிய பெயரே பிரெஞ்சுப் பெயர்: ரேமோன் ருவா-கமீய். பாரிஸில் இருக்கும் என் பெரியம்மா பேரன், 1970-ல் ‘லா பிரெஸ் மெடிக்கால்’ இதழில் வந்த அவருடைய கட்டுரையை நகலெடுத்து அனுப்பினான். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். திருகாணிக்குப் பிரெஞ்சில் ‘விஸ்’. பள்ளியில் படித்தபோது அந்தச் சொல்லைக் கதவுத் தாழ்ப்பாளுக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

ருவா-கமீய் மார்த்தினிக் தீவில் பிறந்தவர். நம் காரைக்கால், பாண்டிச்சேரியிலிருந்து 1853 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறிப் போனார்களே, அதே மார்த்தினிக். அந்தத் தீவிலிருந்து பாரிஸுக்கு வந்து பித்தியே-சல்பெத்ரியேர் மருத்துவமனையில் பெரிய அறுவை மருத்துவராக இருந்தார். ‘பித்தியே’ என்றால் இரக்கம். ‘சல்பெத்ரியேர்’ என்பது வெடியுப்பிலிருந்து வந்த பெயர், ஒரு காலத்தில் அங்கே வெடிமருந்து செய்தார்களாம். இரக்கமும் வெடிமருந்தும் சேர்ந்த பெயர் ஆஸ்பத்திரிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அவர் 1963-லேயே முதுகெலும்பில் பின்னாலிருந்து திருகாணி இறக்கத் தொடங்கிவிட்டார். நான் படித்த கட்டுரை அந்த முதுகு, இடுப்பு எலும்புகளைப் பற்றியது. அதற்கடுத்த ஆண்டுகளில் கழுத்துக்கும் தகடு, திருகாணி என்று எழுதினார்.

கழுத்துக்கு அவர் சொன்ன வழி, நேராகப் போவது. தூணின் பின்பக்கத்தை ஒரு சதுரமாகப் பாவித்து அதன் நடு மையத்தில் துளை. அங்கிருந்து மேலும் கீழும் சாயாமல் நேர் முன்னோக்கி, வெளிப்பக்கமாக 10 பாகை மட்டும் விலகிப் போக வேண்டும். மையத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கை தடுமாறாது. தண்டுவடத்துக்கும் இரத்தக்குழாய்க்கும் விலகிப் போகிறது. எளிமையான வழி.

சுவிட்சர்லாந்தில் சாங்க்ட் காலன் ஊரில் ஃபிரீட்ரிஷ் மாகெர்ல் என்பவர் வேறு வழி சொன்னார். மையத்தில் தொடங்காதே, அதற்குச் சற்று உள்ளேயும் மேலேயும் தொடங்கு. வெளிப்பக்கமாக 25 பாகை சாய். அதோடு மேல்நோக்கியும் சாய், அந்த மூட்டின் சரிவு எப்படி இருக்கிறதோ அதற்கு இணையாக. சரிவை அறிய மூட்டுக்குள் மெல்லிய கருவியை நுழைத்துப் பார்த்துக்கொள். கோணல் வழியில் போவதால் எலும்பில் அதிகத் தூரம் கிடைக்கிறது. நீளமான திருகாணி, கெட்டியான பிடி. ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோதும் மாகெர்ல் திருகாணிதான் அதிகம் தாங்கியது.

அப்படியானால் மாகெர்ல்தான் சிறந்தது என்று முடிக்கலாமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். 1991-ல் அமெரிக்காவில் ஹெல்லர் என்பவரும் கூட்டாளிகளும் இறந்தவர் உடல்களில் இரண்டு முறைகளையும் செய்து, எது எதைத் தொடுகிறது என்று அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். ருவா-கமீய் வழியில் போன திருகாணி கீழ் மூட்டைக் குத்தும் வாய்ப்பு அதிகம். மாகெர்ல் வழியில் போனது மூட்டைத் தப்புகிறது, ஆனால் நரம்பைத் தொடும் வாய்ப்பு அதிகம். மூட்டைக் குத்தினால் அசைய வேண்டிய மூட்டு கெடும், வலி வரும். நரம்பைத் தொட்டால் கையில் சுருக்கென்று மின்சாரம், சில நேரம் பலக்குறைவு. இரண்டில் எந்த ஆபத்தை ஏற்றுக்கொள்கிறாய் என்பதுதான் கேள்வி. கட்டும் வரிசையின் கடைசி எலும்பில் கீழ் மூட்டு பிழைக்க வேண்டும், அங்கே நேர் வழி யோசிக்க வேண்டியது. நடுவிலுள்ள எலும்புகளில் அந்த மூட்டு எப்படியும் ஒட்டப்போகிறது, போனால் போகிறது. இதற்குப் பிறகு அமெரிக்காவில் ஆண்டர்சன், ஆன் என்ற இருவர் தனித்தனியாக நடுவழிகள் சொன்னார்கள். 15 பாகை, 30 பாகை என்று எண்கள் மாறுகின்றன. அந்த எண்களுக்குள் உங்களை இழுக்கவில்லை.

எனக்கு இதில் பிடித்தது, மேதைகள் இருவரும் ஒரே சதுரத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான். ஒருவர் மையம் என்றார், மற்றவர் மையத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி என்றார். அந்த ஓரிரு மில்லிமீட்டரில் ஒரு தொழிலாளியின் கைவிரல்கள் இருக்கின்றன. என் கோப்புகளில் ‘வலது கை பிடி பலம் குறைவு’ என்ற வரிக்கு நான் போட்ட விழுக்காடுகளை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் தங்கை மகனுக்கு அடிபட்டது இந்தக் கீழ்க்கழுத்தில் அல்ல. மேலே, முதல் இரண்டு எலும்புகளில். அந்த இரண்டும் மற்ற ஐந்தைப் போன்றவை அல்ல. முதலெலும்பு வெறும் வளையம், தலையைத் தாங்குவதால் அதற்குக் கிரேக்கப் புராணத்து அட்லஸ் பெயர். இரண்டாவது எலும்பில் ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டு அந்த வளையத்துக்குள் நிற்கிறது, ஏந்திரக் கல்லின் நடுமுளை மாதிரி. தலை திரும்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. அவனுக்கு ஒடிந்தது அந்த முளை.

அறுவைக்கு முதல் நாள் மாலை டாக்டர் என்னையும் தங்கையையும் உட்காரவைத்து, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பொறுமையான மனிதர். “சார், முன்னால் எல்லாம் கீழேயிருந்து ஒரே நீளத் திருகாணியை இரண்டாவது எலும்பு வழியாக மூட்டைத் தாண்டி முதல் எலும்புக்குள் ஏற்றுவோம். நல்ல பிடி. ஆனால் உங்க பையனுக்கு இடப்பக்கம் இரத்தக்குழாய் மேலே ஏறி வளைந்திருக்கிறது. அந்த வழியில் போனால் அதைக் குத்திவிடும்” என்றார். அந்த நீளத் திருகாணியும் மாகெர்ல் செய்ததுதான், 1979-ல் தொடங்கி 1987-ல் எழுதியது. இரத்தக்குழாய் இப்படி உயர்ந்து வளைவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு பக்கமாவது இருக்குமாம். இன்னொரு சிக்கல், அந்தத் திருகாணி போடுவதற்கு முன்பே எலும்புகள் சரியான இடத்துக்கு வந்திருக்க வேண்டும். நகர்ந்து நிற்கும்போது போட முடியாது.

“அதனால் இரண்டு எலும்பிலும் தனித்தனியாகத் திருகாணி போட்டுக் கம்பியால் இணைக்கப்போகிறோம்” என்றார். தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “பையன் எழுந்து நடப்பானா டாக்டர்?” அவர் படத்தை மடித்து வைத்துவிட்டு, “நடந்துகொண்டுதாம்மா வந்திருக்கிறான். அதைக் காப்பாற்றத்தான் இது” என்றார்.

தனித்தனித் திருகாணி என்ற இந்த வழியைத்தான் காகிதத்தில் ஹார்ம்ஸ் முறை என்று எழுதியிருந்தார்கள். யூர்கன் ஹார்ம்ஸ் ஜெர்மானியர். கார்ல்ஸ்பாட் பக்கம் லாங்கன்ஸ்டைன்பாக் என்ற இடத்தில் பணியாற்றியவர். 2001-ல் மெல்கர் என்பவரோடு சேர்ந்து 37 நோயாளிகளைப் பற்றி ‘ஸ்பைன்’ இதழில் எழுதினார். தலைப்பாகம் எந்தப் பக்கமும் சாயும் திருகாணி, அதன் மேல் ஒரு கம்பி. அழகான ஏற்பாடு. உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் 1994-லேயே ‘ஆக்டா நியூரோகிரூர்ஜிகா’ இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. முதலெலும்பின் பக்கத் தூணிலும் இரண்டாவது எலும்பிலும் தனித்தனியாகத் திருகாணி, இரண்டையும் இணைக்கச் சிறு தகடு. முப்பது நோயாளிகள். எழுதியவர்கள் அதுல் கோயல், லாஹேரி. இடம் பம்பாய் பரேல், கே.இ.எம். மருத்துவமனை. மாநகராட்சி நடத்தும் ஆஸ்பத்திரி! நம் ஊர்ப் பெரியாஸ்பத்திரி மாதிரி வராந்தாவில் ஆட்கள் படுத்துக்கிடக்கும் இடம். அங்கே 1988 முதலே செய்துவந்திருக்கிறார். 2002-ல் 160 நோயாளிகளின் கணக்கைக் கொடுத்தார்.

கோயல் செய்தது தகடு பொருத்துவது மட்டும் அல்ல. அந்த மூட்டையே திறந்தார். அதைச் சுற்றிச் சிரை வலை அடர்ந்து, தொட்டால் இரத்தம் கொட்டும் இடம். மேலே குறுக்காக இரண்டாவது கழுத்து நரம்பின் முடிச்சு. அதை வெட்டிவிட்டு மூட்டுக்குள் போய், குருத்தெலும்பைச் சுரண்டி, எலும்புத் துகள் நிரப்பி, நகர்ந்த எலும்பைக் கண்ணால் பார்த்து இடத்துக்குக் கொண்டுவந்து பிறகு இறுக்கினார். வெட்டியதற்கு விலை, பின்மண்டையில் மரத்துப்போவது. இப்படித் திறக்கலாம் என்று துணிந்ததற்குக் காரணம் நம் நாட்டு நோயாளிகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறவியிலேயே இந்த மூட்டு நழுவியிருப்பதை இந்திய மருத்துவர்கள் நிறையப் பார்த்தவர்கள். பம்பாயில் நோஷிர் வாடியா 1967-லேயே 28 பேரைப் பற்றி ‘பிரெய்ன்’ இதழில் எழுதியிருக்கிறார். ஆண்டுக்கணக்காக நகர்ந்து, கை கால் விறைத்துப்போய் வரும் அந்த நோயாளிகளுக்கு, எலும்பு முதலில் இடத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கும் திருகாணி உதவாது.

எங்கள் அலுவலகத்தில் பணிமூப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதற்காக நடந்த சண்டைகளில் இரண்டு பேர் பேச்சே விட்டுப்போனார்கள். சேர்ந்த தேதி ஒரு நாள் முன்னால் என்றால் அவன்தான் மூத்தவன், பிறகு வந்தவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி. அந்தக் கணக்கில் 1994 எங்கே, 2001 எங்கே? ஹார்ம்ஸ் கொண்டுவந்த சாயும் தலைத் திருகாணியும் கம்பியும் உண்மையான முன்னேற்றம். தகட்டின் ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் திருகாணி போக வேண்டும் என்ற கட்டாயம் அதனால் நீங்கியது. நரம்பையும் வெட்டாமல் கீழே ஒதுக்கலாம் என்றார். அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் குறிப்பை எழுதியவர் பெயர் கோப்பிலிருந்து உதிர்ந்துவிட்டது. பல ஆண்டுகள் உலகமெங்கும் ‘ஹார்ம்ஸ் முறை’ என்றே வழங்கியது. பிறகுதான் மெல்ல மெல்ல ‘கோயல்-ஹார்ம்ஸ்’ என்று இரண்டு பெயரும் சேர்ந்தன. இப்போது நல்ல புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்காரர் திருகாணிக்கும் பாரிஸ்காரர் திருகாணிக்கும் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. பரேல்காரருக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் வந்தவர்களையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஹொக்கைடோவைச் சேர்ந்த அபூமி, அதே 1994-ல், கீழ்க்கழுத்தின் தூணில் நிற்காமல் பெடிக்கிள் என்ற குறுகிய எலும்புப் பாலத்தின் வழியாகவே உடலெலும்புக்குள் திருகாணியை இறக்கினார். பிடி மிகக் கெட்டி, ஆனால் பாலத்தின் அகலமே ஐந்து மில்லிமீட்டர் சுற்றித்தான். கை தவறினால் நேரே இரத்தக்குழாய். அதற்காகத்தான் அறுவை மேசையிலேயே ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் வழி பார்த்துப் போகும் முறை வந்தது. அதில் நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரன் குழுவினர் முன்னோடிகள். கோணிப்போன 33 கழுத்துகளில் இப்படிப் பெடிக்கிள் திருகாணி போட்டதை 2010-ல் எழுதியிருக்கிறார்கள். சென்னைப் பெரியாஸ்பத்திரியில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவையைத் தொடங்கியபோது கையிலிருந்தது சாதா எக்ஸ்ரேதான். அங்கிருந்து எங்கே வந்துவிட்டோம் பாருங்கள்.

அமெரிக்காவின் ரைட் என்பவர் 2004-ல் சொன்ன வழிதான் எங்கள் வீட்டுக்கு உதவியது. இரண்டாவது எலும்பின் பின்கூரையில் குறுக்காகத் திருகாணி ஓட்டுவது. அங்கே இரத்தக்குழாயே கிடையாது. தங்கை மகனுக்கு வலப்பக்கம் வழக்கமான வழியில் போட்டார்கள். இடப்பக்கம் இரண்டாவது எலும்பில் மட்டும் இந்தக் கூரைத் திருகாணி. மூட்டைத் திறந்து எலும்புத் துகள் வைத்தது, நரம்பை வெட்டியது எல்லாம் கோயல் செய்தபடி. மேலே கம்பியும் சாயும் தலையும் ஹார்ம்ஸுடையவை. அந்த அறுவைக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. நானும் தங்கையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் திருப்புகழ் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள், பக்கம் திருப்பவில்லை. நான் சுவரில் ஒட்டியிருந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்ட அறிவிப்பை, முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதை, எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

மறுநாள் காலை விரல்களை மடக்கு என்றார்கள், மடக்கினான். கால் கட்டைவிரலை ஆட்டு என்றார்கள், ஆட்டினான். மூன்றாம் நாள் பட்டை போட்டுக்கொண்டு நடந்தான். எலும்பு கூடியதை ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் காட்டினார்கள்.

கழுத்து பாதிதான் திரும்புகிறது. அந்த மூட்டை ஒட்டிவிட்டால் அப்படித்தான், அதை முன்பே சொல்லியிருந்தார்கள். கிரேன் லைசென்ஸ் போயிற்று. பைக்கை விற்றுவிட்டான், இப்போது கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில்தான் போய்வருகிறான். முடிவெட்டப் போனால் பின்மண்டையில் மெஷின் ஓடுவது தெரியவே இல்லையாம். “முடித்துவிட்டேன் என்று கடைக்காரர் சொன்னால்தான் தெரிகிறது மாமா” என்கிறான்.

போன மார்கழியில் மறுபரிசோதனைக்குக் கூடப் போயிருந்தேன். பழைய காகிதத்தையும் எடுத்துப்போனேன். டாக்டர் படங்களைப் பார்த்து முடித்ததும், தயங்கித் தயங்கி, “டாக்டர், ஒரு சின்ன விஷயம். இதில் ஹார்ம்ஸ் என்று மட்டும் இருக்கிறது. மூட்டைத் திறந்தது கோயல் முறைதானே? அவர் ஏழு வருஷம் சீனியர்” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க எந்த டிபார்ட்மென்ட் சார்?” என்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து, ஹார்ம்ஸ் என்பதற்கு முன்னால் மேலே ஒரு கூட்டல் குறி போட்டு ‘கோயல்’ என்று எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டுமே என்று நான் கை நீட்டிக் காட்டுவதற்குள் அவரே போட்டு, தேதியும் எழுதிக் கொடுத்தார்.